பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில டீசல் டாங்க் கழுவுற கராஜ்

பரந்தன் சந்தியால திரும்பி ஏ35 ரோட்டில முல்லைத்தீவுப் பக்கம் போகேக்க ஒரு சின்னக் கராஜ் வரும், போர்ட் ஒண்டும் இல்லை, வாசலில பழைய டாங்குகள் கவிட்டுக் கிடக்கும். ரக்ரர், லாண்ட்மாஸ்டர், வள்ளம் எண்டு எந்த டீசல் எஞ்சினுக்கும் டாங்க் கழுவி, டீசலில இருந்து தண்ணியைப் பிரிக்கிற வோட்டர் செப்பரேற்றர் பூட்டித் தருவினம். வேலை சுத்தம், நம்பிப் போகலாம்.

என்ர ரக்ரர் காலபோக உழவு நேரம் இழுவை இல்லாமல் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு நிண்டுபோகும். வேற ஒரு இடத்தில பில்ரரை மாத்திக் காசை வாங்கிக்கொண்டு விட்டினம், கொஞ்ச நாளில திரும்பவும் அதே கதை. இங்க கராஜ் அண்ணை முதல்ல ரக்ரரை இரவு முழுக்க ஆட்டாமல் விடச் சொன்னவர், விடிய டாங்கின்ர அடி நட்டைக் கழட்டி ஒரு கண்ணாடிப் போத்தலில பிடிச்சுக் காட்டினார். அடியில தண்ணி, மேல டீசல், நடுவில மண்ணிறத்தில சளி மாதிரி ஒரு படை. அது கிருமி, தண்ணியும் டீசலும் தொடுற இடத்திலதான் வளரும், பில்ரரை அடைக்கிறதும் அதுதான்.

நான் குவைத்தில ரிஃபைனரியில மசகெண்ணெய்யில இருந்து உப்பும் தண்ணியும் எடுக்கிற பகுதியில வேலை செய்தனான், அதாலதான் இவையின்ர வேலை எனக்கு வடிவா விளங்கினது. கிணத்தில இருந்து வாற எண்ணெய்க்குள்ள உப்புத்தண்ணி கண்ணுக்குத் தெரியாத துளியா கலந்திருக்கும், அதை அப்பிடியே சூடாக்கினா அந்த உப்பில இருக்கிற மக்னீசியம் குளோரைட் உடைஞ்சு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், வடிக்கிற கோபுரத்தின்ர மேல் பக்கம் இரும்பை அரிச்சுப்போடும். அதால எண்ணெய்யை 120, 130 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, நூற்றுக்கு அஞ்சு பங்கு அளவில நல்ல தண்ணியை வேணுமெண்டே கலப்பினம், உப்பு அந்தத் தண்ணிக்குப் போயிடும், பிறகு பெரிய தொட்டிக்குள்ள 15,000 வோல்ற்றுக்கு மேல மின்சாரம் குடுக்க துளியள் ஒண்டோடொண்டு சேந்து பாரமாகி அடியில இறங்கும். கலக்கிறது கூடினாலும் பிழை, துளி பொடியாகி தண்ணி பிரியவே பிரியாது.

கடல்தண்ணி உள்ளுக்குப் போன வள்ளத்து டாங்கும் முல்லைத்தீவில இருந்து இங்க வருது. அதைக் கழட்டி நல்ல தண்ணியால திருப்பித் திருப்பி அலசி, வெயிலில நல்லாக் காயவிட்டு, கடைசியா டீசலால ஒருக்கா அலசித்தான் பூட்டினம். டாங்குக்குள்ள தண்ணி விடுறதோ எண்டு ஆக்கள் சண்டைக்குப் போறதைப் பாத்தனான், ஆனா உப்பை எடுக்க நல்ல தண்ணிதான் வேணும், துணியால துடைச்சு விட்டா உப்பு அங்கயே கிடந்து துருப்பிடிக்கும்.

பூட்டின செப்பரேற்றரில அடிக் கிண்ணம் கண்ணாடி மாதிரி, தண்ணி சேந்தா வெளியாலயே தெரியும், திருகைத் திறந்து விட்டாச் சரி. வீட்டில பரலில டீசல் வைக்கிற ஆக்களுக்கு அண்ணை சொன்ன இன்னொண்டு: மழையில பரலை நிமித்தி வைக்காதேங்கோ, மேல நிக்கிற தண்ணியை இரவுக் குளிருக்கு மூடி வழிய பரல் உள்ளுக்கு இழுக்கும், படுக்க வையுங்கோ.

குறை எண்டா, வாசர் மாதிரி சின்னச் சாமான் சில நேரம் கையில இராது, காத்திருக்க வேணும், உழவு துவங்கினாப் பிறகு போனா வரிசைதான். எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற இன்ஜெக்ரர் பம் திருத்துற வேலை செய்யமாட்டினம், அதுக்கு வவுனியாவுக்குத்தான் போகச் சொல்லுவினம்.