நாலாம் நம்பரை நம்பாதீர்கள்: பின்பக்கம் பார்க்கும் குழந்தை கார் சீட்டின் சாய்வு

பெரம்பூர், கொளத்தூர் பக்கம் கடைக்குப் போனாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, பத்தாயிரம் ரூபாயை ஒட்டி முதலில் கண்ணில் படுவது ஒரே வகை சீட்தான். பிறந்த குழந்தையிலிருந்து 18 கிலோ வரை. 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்து வைக்கலாம், அப்புறம் திருப்பி முன்பக்கம். ஐசோஃபிக்ஸ் (காரில் உள்ள இரும்பு வளையங்களில் சீட்டை நேராக மாட்டும் வசதி) கிடையாது, காரின் சொந்த பெல்ட்டிலேயே கட்ட வேண்டும். முதுகில் ஆரஞ்சு நிற லேபிளில் ஐரோப்பிய பாதுகாப்புத் தரமான ஆர் 44/04 முத்திரை இருக்கும். மேலே ஒட்டிய பிராண்ட் பெயர் மாறினாலும் சாய்வு அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அந்த வகைக்கே சேர்த்து இந்த விமர்சனம்.

முதலில் மதிப்பெண். சீட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை. சாய்வு சரியாக இருக்கிறதா என்று காட்டும் ஸ்டிக்கருக்கு இரண்டு. குழந்தை உட்காரும் கூடு உறுதியானது, குழந்தைக்குப் போடும் தோள் பெல்ட் ஒழுங்காக இறுகுகிறது, துணியைக் கழற்றித் துவைக்க முடிகிறது. குறையெல்லாம் சாய்வில்தான்.

பெட்டியில் 'நாலு நிலை சாய்வு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பின்பக்கம் பார்த்து வைக்கும்போது அந்த நாலும் நமக்குக் கிடையாது. பல மாடல்களில் கடைசி நிலை ஒன்றுதான் பின்நோக்கி வைக்க. ஒன்று முதல் மூன்று வரை முன்பக்கம் திருப்பிய பிறகு. மேனுவலில் இது நீலமும் சிவப்புமாகக் குறிக்கப்பட்டிருக்கும்: நீலம் பின்நோக்கி, சிவப்பு முன்நோக்கி. பெல்ட் போகும் வழிக்கும் இதே நிறங்கள்தான். "குழந்தை வேடிக்கை பார்க்கட்டும்" என்று பின்நோக்கி வைத்த சீட்டை இரண்டாம் நிலைக்கு நிமிர்த்துவது அடிக்கடி பார்க்கிற தப்பு.

கடைக்காரர் "கடைசி நம்பர்ல வச்சுடுங்க, அவ்ளோதான்" என்பார். அவ்வளவுதான் இல்லை. அந்த நம்பர், அடியில் இருக்கும் பேஸுக்கும் மேலே இருக்கும் கூட்டுக்கும் நடுவில் உள்ள கோணம். குழந்தைக்கு வேண்டியது தரைக்கும் முதுகுக்கும் நடுவில் உள்ள கோணம். நடுவில் காரின் சீட் இருக்கிறது, அதன் மேல் ரெக்சின் கவர் இருக்கிறது, காருக்குக் கீழே தெரு இருக்கிறது. மூன்றும் ஆளுக்கு இரண்டு டிகிரி தின்றாலே கணக்கு போச்சு.

கழுத்து நிற்காத குழந்தைக்கு முதுகு தரையிலிருந்து 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிட நிமிர்ந்தால் தூக்கத்தில் தலை முன்னால் சரிந்து முகவாய் நெஞ்சில் முட்டும். அந்த வயதில் மூச்சுக்குழாய் மெல்லிசு, மடங்கினால் அடைக்கும். "தூளியில வளைஞ்சுதானே தூங்குது?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். பக்கத்திலேயே ஆள் இருந்து பார்த்துக்கொள்ளும் தூளி வேறு. நிமிர்ந்த சீட்டில் தலையின் பாரம் முழுக்க முன்னால் விழுவது வேறு, அதுவும் ஓட்டுகிறவருக்கு முகம் தெரியாத இடத்தில். இதற்குப் பயந்து அளவுக்கு மீறிச் சாய்ப்பதும் ஆபத்துதான். பின்நோக்கிய சீட்டின் பலமே, வண்டி முன்னால் மோதும்போது அடியை முதுகு முழுக்கப் பரப்பி வாங்கிக்கொள்வதில் இருக்கிறது. படுக்கையாகக் கிடந்தால் குழந்தை கூட்டின் மேல் தலைப்பக்கமாக வழுக்கி ஏறும், பாரமெல்லாம் தோள் பெல்ட்டில் விழும். கழுத்து நன்றாக நின்ற பிறகு, மேனுவல் அனுமதித்தால், தரையிலிருந்து 60 டிகிரி வரை நிமிர்த்தலாம். இந்த வகை சீட்களில் பெரும்பாலும் எல்லா வயதுக்கும் சாய்வைக் காட்ட ஒரே கோடுதான்.

அந்தக் கோடு கூட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர். அது தரைக்கு இணையாக இருந்தால் சாய்வு சரி. கொத்தனார் ரசமட்டம் மாதிரி குமிழியோ உருளும் குண்டோ உள்ள சீட்களும் உண்டு. இந்த விலையில் கோடுதான். தரைக்கு இணையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து குனிந்து, வெறும் கண்ணில் ஐந்து டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

வடசென்னையில் இதோடு தரைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி சந்துகளில் கார் நிற்பதே பாதி மழைநீர் வடிகால் சிலாப் மேல், இல்லையென்றால் வீட்டு வாசல் சாய்தளத்தில். வேகன் ஆர், ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் இரண்டரை மீட்டர். முன் சக்கரங்கள் 20 செ.மீ. ஏறி நின்றாலே வண்டி கிட்டத்தட்ட 5 டிகிரி சாய்ந்துவிடும். பின்நோக்கிய சீட்டில் குழந்தையின் தலை காரின் முன்பக்கம் இருக்கிறது. ஆகவே வண்டியின் மூக்கு தூக்கி நிற்கும்போது சீட் உள்ளதைவிட நிமிர்ந்து தெரியும். அதைப் பார்த்துச் சாய்த்தால் சமதரையில் அளவுக்கு மீறிப் படுத்துவிடும். ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தியிருந்தால் தலைகீழ்: வாசலில் கோடு சரியாகத் தெரியும், ரோட்டுக்கு வந்ததும் சீட் நிமிர்ந்து நிற்கும். பச்சைக் குழந்தைக்கு இந்த இரண்டாவதுதான் மோசம்.

அடுக்குமாடியின் தரைத்தள பார்க்கிங் கிடைத்தால் நல்லது. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் இடமும் பரவாயில்லை, ஆனால் தண்ணீர் ஓட அங்கேயும் லேசான வாட்டம் விட்டிருப்பார்கள். போனில் லெவல் பார்க்கும் வசதி இருந்தால் முதலில் அதைக் காரின் கதவுப் படியில், முன்பின்னாக நீளவாக்கில் வையுங்கள். சைபர் காட்டினால் தரை சரி. மூன்று காட்டினால், வண்டியின் மூக்கு தூக்கியிருந்தால் அந்த மூன்றைச் சீட்டின் கோணத்தில் கழித்துக்கொள்ளலாம், தாழ்ந்திருந்தால் கூட்டிக்கொள்ளலாம். ஸ்டிக்கரைப் பொறுத்தவரை, போனின் ஓரத்தைக் கோட்டோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக முதுகுப் பஞ்சில் போனை வைத்தால் பஞ்சு அமுங்கித் தப்பாகக் காட்டும். ஒரு அடி ஸ்கேலை முதுகோடு படுக்க வைத்து அதன் மேல் போனை வைக்க வேண்டும்.

இனி கட்டும் முறை. குழந்தையை வெளியே வைத்துவிட்டு, முன் சீட்டை முன்னால் தள்ளி, சீட்டைப் பின்நோக்கி வைத்து, சாய்வை மாற்றும் லீவரை இழுத்துக் கடைசி நிலைக்குக் கொண்டுவாருங்கள். 'டக்' என்ற சத்தம் மட்டும் போதாது. லீவரை விட்ட பிறகு கூட்டை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தால்தான் பூட்டும் பல் அதன் இடத்தில் விழுந்ததா என்று தெரியும். பிறகு இடுப்புப் பட்டையை நீலக் கொக்கிகள் வழியாகக் குழந்தையின் கால் பக்கம் குறுக்கே விட்டு, தோள் பட்டையைக் கூட்டின் முதுகுக்குப் பின்னால் சுற்றி, பக்கிளில் மாட்டுங்கள். கால் பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டே முதலில் இடுப்புப் பட்டையையும் பிறகு தோள் பட்டையையும் இழுத்து இறுக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். பெல்ட்டை இறுக்க இறுக்க, கால் பக்கம் காரின் சீட்டுக்குள் அமுங்குகிறது, தலைப்பக்கம் எழும்புகிறது. கட்டும் முன் கோடு சரியாக இருந்த சீட், கட்டி முடித்ததும் இரண்டு மூன்று டிகிரி நிமிர்ந்திருக்கும். மறுபடி கோட்டைப் பார்க்காமல் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. அதற்காகக் கட்டிய பெல்ட்டோடு லீவரைத் தொடவும் கூடாது, பெல்ட் தளர்ந்துவிடும். அவிழ்த்து முதலிலிருந்து. கடைசியில், பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இடவலமாக ஆட்டினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டினால் அதைவிட ஆடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

கடைசி நிலையில் வைத்தும் நிமிர்ந்தே நிற்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் காரின் சீட். நம்மூர் ஹேட்ச்பேக்குகளில் பின் சீட் உட்பக்கமாகச் சரிந்திருக்கும். சீட்டும் சாய்மானமும் சேரும் மடிப்புதான் பள்ளம், அதில்தான் குழந்தை சீட்டின் கால் பக்கம் இறங்குகிறது. மேனுவல் அனுமதித்தால் மட்டும், ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி டேப் ஒட்டி அந்த மடிப்பில் வைக்கலாம். பேஸ் 40 செ.மீ. நீளம் என்றால், கால் பக்கம் மூன்றரை செ.மீ. உயர்ந்தாலே 5 டிகிரி சாயும். தலையணை, மடித்த புடவை, தெர்மோகோல் எல்லாம் வேண்டாம். மோதலில் அமுங்கி பெல்ட்டைத் தளர்த்திவிடும். துண்டைப் பற்றி மேனுவலில் ஒரு வரியும் இல்லையென்றால் அதுவும் வேண்டாம், காரின் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். நடு சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் அங்கே இந்த வகையைக் கட்ட முடியாது. ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் பின்நோக்கிய சீட்டை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது.

ரெக்சின் கவர் தனிக் கதை. கார் வாங்கிய மறுநாளே தடித்த ஃபோம் வைத்த கவர் போடுவது இங்கே வழக்கம். புது ஃபோமில் இன்று இறுக்கிக் கட்டினால் ஒரு வாரத்தில் ஃபோம் அமுங்கி, பெல்ட் தளர்ந்து, சாய்வும் மாறியிருக்கும். முடிந்தால் அந்த ஒரு இடத்துக் கவரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் வாரம் ஒருமுறை கோட்டையும் பெல்ட்டையும் பாருங்கள்.

சாய்த்த சீட் நீளவாக்கில் நிறைய இடம் கேட்கும் என்பதையும் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். சின்ன கார் என்றால் முன்னால் உட்காருகிறவரின் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும். அவருக்காகக் குழந்தை சீட்டை நிமிர்த்தாதீர்கள். அவரைப் பின்னால் உட்கார வையுங்கள், குழந்தையின் முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, திருவொற்றியூரிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவதற்குள் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சீட்டிலேயே வைக்கக் கூடாது. தனியாக விற்கும் தலைக் குஷன் வாங்கவே வேண்டாம். தலைக்குப் பின்னால் தடித்தால் முகவாயை நெஞ்சுக்குத் தள்ளும். சீட்டோடு வந்த பஞ்சை மட்டும், மேனுவல் சொல்லும் எடை வரை வையுங்கள்.

ஐசோஃபிக்ஸும், காரின் தரையில் ஊன்றும் தாங்கு காலும் உள்ள, புதிய தரமான ஆர் 129 முத்திரை பெற்ற சீட்கள் விலை கூடுதல். பெல்ட் இறுக்குவதில் வரும் நிமிர்வு அவற்றில் கிடையாது. ஆனால் தாங்கு காலை அளவுக்கு மீறி நீட்டினால் தலைப்பக்கம் தூக்கும், சாய்வு குறையும். கால் தரையில் உறுதியாக ஊன்றினால் போதும். காரின் தரைக்கு அடியில் மூடி போட்ட பெட்டி இருந்தால் அதன் மேல் ஊன்றக் கூடாது. கையில் பணம் இருந்து காரிலும் ஐசோஃபிக்ஸ் இருந்தால் எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில், 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். சாய்வை எந்த போலீஸ்காரரும் ரசமட்டம் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

பராமரிப்பு: காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை மணலும் பிஸ்கெட் தூளும் லீவர் ஓடும் தடத்தில் சேர்ந்தால் பல் முழுசாக விழாது. பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள், தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்; எண்ணெயில் மணல் இன்னும் ஒட்டும்.

பழைய சீட் மலிவாகக் கிடைக்கிறதென்றால், விபத்தில் சிக்கியதா என்று கேட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். கோடு அழிந்தோ உரிந்தோ போயிருந்து மேனுவலும் கைவசம் இல்லையென்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.