சஃபாரி நடுவே உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே படுப்பது?

வட தான்சானியாவுக்குச் சஃபாரி போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். அருஷா நகரத்தில் கிளம்பி மன்யாரா ஏரி, கராட்டு என்ற சிற்றூர், விலங்குகள் வாழும் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம், செரெங்கெட்டி தேசியப் பூங்கா என்று போய்விட்டு அதே சாலையில் திரும்புவார்கள். வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த பணத்தில் போகிற பயணம். அதனால் நடுவில் ஒருநாள் காலையில் உடம்பு சுட்டாலோ வயிறு கலங்கினாலோ வாய்விட்டுச் சொல்லவே பலருக்கு மனம் வருவதில்லை. கூட வந்தவர்களின் நாளைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணம் வேறு. பேசாமல் வண்டியில் ஏறிவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் உங்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். வண்டியோடு தொடரலாம், கூடாரத்திலேயே ஒருநாள் படுக்கலாம், கராட்டுக்கு இறங்கிவிடலாம், அருஷாவுக்கோ நைரோபிக்கோ போய்விடலாம். வயிற்றுக் கோளாறு மட்டும் என்றால் கூடாரம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே கராட்டு என்பது என் கட்சி. சிங்கத்தைப் பார்க்க முடியாமல் போகுமே என்ற வருத்தத்தை இந்த முடிவுக்குள் கொண்டுவரவே கூடாது. கழிப்பறை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை செய்கிற இடம் எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

வண்டியோடு தொடர்வது

சாதாரண ஜலதோஷம், தலைபாரம் என்றால் தொடரலாம். மற்றபடி நான்கில் இதுதான் மோசமான வழி, ஆனால் அதிகம் பேர் எடுப்பதும் இதுவே.

ங்கோரோங்கோரோ நுழைவாயில் வரைக்கும்தான் தார்ச்சாலை. அதற்கப்புறம் செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனெரா வரைக்கும் மண் சாலை, அதுவும் அலை அலையாக வரி விழுந்த சாலை. அங்குள்ள ஓட்டுநர்கள் அதை ‘ஆப்பிரிக்கன் மசாஜ்’ என்பார்கள். நல்ல உடம்புக்கே இடுப்பு கழன்றுவிடும். கூரையைத் திறந்து வைத்தால் புழுதி, மூடி வைத்தால் புழுக்கம். காற்று வறண்டு இருப்பதால் வேர்த்ததே தெரியாமல் உடம்பிலுள்ள நீர் போய்விடும். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கவும் முடியாது. நாபி ஹில் நுழைவாயில், செரோனெரா பார்வையாளர் மையம், சாப்பிட ஒதுக்கிய சில இடங்கள், இவற்றில்தான் கழிப்பறை. வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்று சொல்ல வேண்டியதில்லை.

போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை பலர் கையில் இருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போயே ஆக வேண்டிய ஒரு பயணத்துக்கு அது உதவும். ஆனால் மலத்தில் ரத்தம் இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ அதைத் தொடக் கூடாது. இன்னொன்று, ஆறேழு பேர் நாள் முழுக்க ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாந்தியோ சளிக் காய்ச்சலோ உள்ள ஒருவர் ‘சமாளித்துக்கொண்டு’ ஏறினால் இரண்டு நாளில் மற்றவர்களும் படுப்பார்கள்.

கூடாரத்தில் ஒருநாள்

பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி பாக்டீரியாவால் வருவது, பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கிவிடும். அதற்கு வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல், நிழல், பக்கத்தில் கழிப்பறை. இந்த மூன்றும் நல்ல கூடார முகாமில் கிடைக்கும். அதனால் காய்ச்சலில்லாத வயிற்றுக் கோளாறுக்கு இடம் மாறாமல் படுப்பதே சரி.

ஆனால் எல்லா முகாமும் ஒன்றல்ல. கூடாரத்துக்குள்ளேயே கழிப்பறையும் குளியலும் உள்ள முகாம் ஒரு வகை. செரோனெராவைச் சுற்றியுள்ள பொது முகாம் திடல்கள் இன்னொரு வகை. அங்கே நீங்கள் படுப்பது சின்னக் கூடாரம், கழிப்பறை எல்லாருக்கும் பொதுவாகத் தள்ளி இருக்கும், சுற்றி வேலி கிடையாது. ராத்திரியில் கழுதைப்புலி நடமாடும் இடம் அது. நடுநிசியில் மூன்று முறை எழுந்து போக வேண்டியவரை அங்கே படுக்க வைக்கவே கூடாது. உள்ளேயே கழிப்பறை இருக்கிற முகாமிலும் இருட்டிய பிறகு காவலாள் துணையில்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பது விதி. அவரை எப்படிக் கூப்பிடுவது, விசிலா, டார்ச்சா, ரேடியோவா என்று பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி செரோனெரா பக்கத்து முகாம் ஒன்றில் இப்படி ஒருநாள் தங்கிப் படுத்தார். விடியற்காலையில் வண்டிகள் போனதும் முகாம் அடங்கிவிடுகிறது. பதினோரு மணிவரை கூடாரத்துக்குள் சுகம்தான். அப்புறம் கேன்வாஸ் சூடேறி, உள்ளே காற்றே நகர்வதில்லை. முகாம் ஆட்கள் நாற்காலியையும் மெத்தையையும் தூக்கி வேல மரத்தடியில் போட்டார்கள். சமையல்காரர் ஃபிளாஸ்க் நிறைய ஊஜி கொண்டுவந்து வைத்தார். சோளமாவிலோ கேழ்வரகிலோ காய்ச்சுகிற நம்மூர்க் கஞ்சிதான் அது. சர்க்கரை போடாமல் உப்புப் போடச் சொன்னதும் சிரித்துக்கொண்டே போட்டுத் தந்தார். நாம் கொண்டுபோன எலக்ட்ரால் பாக்கெட், இந்தக் கஞ்சி, இஞ்சி டீ. சாயங்காலம் வண்டி திரும்பியபோது சித்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அங்கே முகாம் ஆட்கள் நோயாளியைக் கவனிக்கிற பரிவைச் சொல்லியே ஆக வேண்டும். ‘போலே, போலே’ என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே மணிக்கொரு முறை வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. அளவு தப்பக் கூடாது. உப்பு கூடினால் கெடுதல்.

செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கு. கூடாரத்தில் படுத்திருந்தாலும் கட்டணம் ஓடும். கூடுதலாக ஒரு நாள் தங்கினால் அந்த நாளுக்கும் கட்ட வேண்டும். அதனால் ஒருநாளுக்கு மேல் பூங்காவுக்குள் படுப்பதில் லாபமில்லை. தண்ணீர் குடித்தால் உள்ளே தங்காமல் வாந்தியாக வருகிறது, மலத்தில் ரத்தம், சிறுநீர் நின்றுவிட்டது என்றால் அந்த ஒருநாள்கூட வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் கராட்டு

கராட்டு பெரும்பாலோர் மனதில் நிற்காத ஊர். மன்யாரா ஏரிக்கும் ங்கோரோங்கோரோவுக்கும் நடுவில், காபித் தோட்டங்களுக்கு மத்தியில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி தங்குகிற இடம் என்றுதான் நினைப்பார்கள். உடம்புக்கு முடியாதபோது இந்தத் தடத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

காய்ச்சல் என்றால் முதல் கேள்வி மலேரியாவா என்பது. கொசு கடித்துக் குறைந்தது ஏழு நாளாவது ஆகும் மலேரியா வெளியே தெரிய. ஆகவே முந்தாநாள் செரெங்கெட்டியில் கடித்த கொசு இன்றைய காய்ச்சலுக்குக் காரணமாக முடியாது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் ‘அப்படியானால் இது மலேரியா இல்லை’ என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. நிறையப் பேர் சஃபாரிக்கு முன்னால் சான்சிபார் கடற்கரையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறார்கள், அல்லது கிளிமஞ்சாரோ ஏறிவிட்டு வருகிறார்கள். கணக்கு அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தியாவிலிருந்தே கிருமியோடு கிளம்பியிருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். தடுப்பு மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் நூறு சதவீதக் காப்பு கிடையாது. ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்காவிட்டால் அது கடுமையாகி உயிரைப் பறிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே ஊகம் வேண்டாம், ரத்தம் பார்க்க வேண்டும். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று செரெங்கெட்டிக் கூடாரத்தில் படுப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

செரோனெராவிலிருந்து கராட்டு நான்கைந்து மணி நேரம். காலையிலேயே முடிவெடுத்தால் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். மத்தியானம் யோசித்தால் இருட்டிவிடும், இருட்டில் பூங்காவுக்குள் வண்டி ஓட்ட முடியாது. கராட்டில் ஃபேம் என்ற தொண்டு மருத்துவமனையும் லூத்தரன் மருத்துவமனையும் இருக்கின்றன. மலேரியாச் சோதனை அங்கே அன்றாட வேலை. ஒரு சோதனையில் ‘இல்லை’ என்று வந்துவிட்டாலும் காய்ச்சல் நிற்காவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறையாவது பார்க்கச் சொல்வார்கள். கராட்டில் தங்கினால் அதற்கு வழியுண்டு, காட்டுக்குள் வழியில்லை. அதுவரை காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்கு இல்லை என்று தெரியாதவரை ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம்.

இனி, கராட்டை நான் தூக்கிப் பிடிப்பதற்கு முக்கியமான காரணம். ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குக் காலையில் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்ப வழக்கமாகத் தங்குகிற ஊர் இதுதான். நோயாளி செங்கல் சுவர் அறையில், தோட்டத்தைப் பார்த்த கட்டிலில் படுத்திருக்க, மற்றவர்கள் பள்ளத்தில் இறங்கிக் காண்டாமிருகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். யாருடைய பயணமும் நிற்பதில்லை. படுத்திருப்பவருக்கும் குற்ற உணர்ச்சி இல்லாத ஓய்வு கிடைக்கும்.

பள்ளத்தின் விளிம்பில் உள்ள விடுதிகளில் தங்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். காட்சி அபாரம்தான். ஆனால் விளிம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம். சாயங்காலமானால் மூடுபனி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல குளிர். குளிர்காய்ச்சலோடு இருப்பவருக்கு அது சரிப்படாது.

கராட்டுக்கு இறங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. செரெங்கெட்டியிலிருந்து அங்கே வர ங்கோரோங்கோரோ காப்பகத்தைக் கடக்க வேண்டும், அதற்குத் தனி அனுமதியும் கட்டணமும். இவை நாள் குறித்து முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கும். நாள் மாறினால் பயண நிறுவனத்தின் அலுவலகம்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆகவே ஓட்டுநரிடம் சொல்வதோடு நிற்காமல் அலுவலகத்துக்கும் அப்போதே பேசச் சொல்லுங்கள்.

அருஷாவும் நைரோபியும்

கராட்டிலிருந்து அருஷா சுமார் 140 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. பெரிய மருத்துவமனைகளும் இந்தியச் சாப்பாடும் அங்கே கிடைக்கும். ஆனால் அங்கே போய்விட்டால் சஃபாரி முடிந்த மாதிரிதான். மூன்று நாலு நாள் படுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் அது சரி.

நினைவு தடுமாறுகிறது, மூச்சு வாங்குகிறது, மஞ்சள் காமாலை தெரிகிறது, வலிப்பு, நெஞ்சுவலி, இவற்றில் ஏதாவது இருந்தால் சாலையைப் பற்றிய பேச்சே வேண்டாம், விமானம்தான். செரோனெராவில் ஓடுதளம் இருக்கிறது. செரெங்கெட்டி ஓடுதளங்கள் எல்லாமே பகல் வெளிச்சத்தை நம்பியவை, ஆகவே இங்கேயும் காலையில் எடுக்கும் முடிவுதான் பயன்படும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957-இல் தொடங்கியது. பயணிகளுக்கென்று குறுகிய காலச் சந்தா வைத்திருக்கிறார்கள். சில சஃபாரி நிறுவனங்கள் அதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடும்.

அந்தச் சந்தாவா, பயணக் காப்பீடா என்று கேட்டால் இரண்டும்தான். சந்தா உங்களை மருத்துவமனை வாசல்வரை கொண்டுசேர்க்கும், உள்ளே ஆகும் செலவைக் கட்டாது. காப்பீடு செலவைக் கட்டும், ஆனால் விமானம் கிளம்பும் முன் அவர்கள் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லக்கூடும். பாலிசி எண்ணையும் உதவி எண்ணையும் காகிதத்தில் எழுதி ஓட்டுநரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். காட்டுக்குள் செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது.

நீங்கள் இருக்கும் இடம் மாறினால்

மேலே சொன்னது செரோனெராக் கணக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை காட்டுமாடுகள் (வில்டபீஸ்ட்) கன்று போடுகிற தெற்குப் பகுதியான ந்டுட்டுவில் இருந்தால் கராட்டு இன்னும் பக்கம், யோசிக்கவே வேண்டாம். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் கூட்டத்தைப் பார்க்க வடக்கே கோகாடெண்டேயில் இருந்தால் கதை வேறு. அங்கிருந்து செரோனெராவுக்கே பல மணி நேரம், கராட்டு ஒருநாள் பயணம். காய்ச்சல்காரரைச் சாலையில் கொண்டுவருவதைவிட அங்குள்ள ஓடுதளத்திலிருந்து சிறு விமானத்தில் அருஷாவுக்கு அனுப்புவதே நல்லது. பையின் எடைக்கு 15 கிலோதான் வழக்கமான வரம்பு, மீதியை ஓட்டுநர் கொண்டுவருவார்.

இன்னும் பயணத்தைப் பதிவே செய்யவில்லை, கூட வயதானவர்கள் வருகிறார்கள் என்றால், அதே ஆற்றின் கென்யப் பக்கமான மாசாய் மாராவை யோசிக்கலாம். மாராவிலிருந்து வில்சன் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம், நைரோபியின் பெரிய மருத்துவமனைகளும் அங்கிருந்து அதிக தூரமில்லை. தான்சானியாதான் என்று முடிவு செய்திருந்தால், நிறுவனத்துக்கு எழுதும்போது திரும்பும் வழியில் கராட்டில் இரண்டு ராத்திரி கேளுங்கள். பொது முகாம் திடல் வேண்டாம் என்றும், கூடாரத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.