ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: விடுதி அறையா, வேகேயா?

எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனி போகிறவர்களுக்கு முதல் குழப்பமே இதுதான்: மாணவர் விடுதியா, சிலர் சேர்ந்து தங்கும் ‘வேகே’ வீடா?

வாடகை: விடுதி பெரும்பாலும் மலிவு, ஹீட்டர், மின்சாரம், இணையம் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.
வேகே விளம்பரத்தில் ‘கால்ட்’ என்றிருந்தால் ஹீட்டர் செலவு தனி, ‘வார்ம்’ (ஹீட்டரும் சேர்ந்த வாடகை) எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

கிடைப்பது: மியூனிக் மாதிரி ஊர்களில் விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், சீக்கிரமே விண்ணப்பியுங்கள்.
வேகேயில் ஏற்கெனவே இருப்பவர்கள் உங்களிடம் பேசிப் பார்த்துத்தான் சரி என்பார்கள். அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் கேட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பலர் கவனிக்காதது பொது டிவி, ரேடியோவுக்காகக் கட்டும் ஒலிபரப்புக் கட்டணம். மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒன்று. வேகேயில் நாலு பேர் இருந்தால் நாலாகப் பிரித்துக்கொள்ளலாம். விடுதியில் பொது நடைபாதையிலிருந்து நேராகக் கதவு திறக்கும் அறை என்றால் அது தனி வீட்டுக் கணக்கு, முழுத் தொகையும் உங்கள் தலையில்தான்.

முகவரிப் பதிவு: குடிபுகுந்ததும் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். விடுதியில் சிக்கலில்லை. உள்வாடகை வேகேயில் (வாடகைக்கு இருப்பவரே உங்களுக்கு அறையை வாடகைக்கு விடுவது) சிலர் சான்று தர மறுப்பார்கள், அந்த அறை வேண்டவே வேண்டாம்.

ஒரே செமஸ்டர், ஜெர்மன் தெரியாது என்றால் விடுதி. ஒரு வருஷம் இருந்து, ஜெர்மன் பேசிப் பழக ஆசையென்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வேகே எடுங்கள்.