கேரளமும் மத்தியப் பிரதேசமும்: வேலையின்மையை எந்த எண்ணால் அளப்பது?

2023-24ஆம் ஆண்டுக்கான காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே வேலையின்மை மத்தியப் பிரதேசத்தில் 1 விழுக்காடு, கேரளத்தில் 7.2 விழுக்காடு; நாடு முழுமைக்கும் 3.2 விழுக்காடு. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் வேலை தேடுவோருக்கு ஏற்ற மாநிலம் மத்தியப் பிரதேசமே என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கு வங்காளம், அசாம், ஒடிசா என்று தொலைவிலிருந்து ஆட்கள் வந்து சேர்வது கேரளத்தை நாடித்தான். காரணம் கூலி. 2022-23இல் கிராமப்புற ஆண் விவசாயக் கூலி நாளொன்றுக்குக் கேரளத்தில் சுமார் 764 ரூபாயாகவும், மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாயாகவும் இருந்ததாக ரிசர்வ் வங்கியின் கையேடு காட்டுகிறது.

அப்படியானால் 1 விழுக்காடு எப்படி வந்தது? மேற்சொன்ன எண்களுக்கு அடிப்படையான, கடந்த ஓராண்டைப் பார்க்கும் வழக்கமான நிலை எனும் கணக்கில், ஆண்டின் பெரும்பகுதியை வேலை தேடியே கழித்த ஒருவர் இடையில் 30 நாள் ஏதேனும் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவராகவே பதியப்படுவார். குடும்ப நிலத்தில் களையெடுத்து, மாடு பார்த்து, கையில் ஒரு ரூபாயும் பெறாத பெண்ணும் வேலையில் இருப்போர் கணக்கில்தான் அடங்குகிறார். சேமிப்போ, படித்த குடும்பத்தின் ஆதரவோ இல்லாதவரால் நல்ல வேலைக்காகக் காத்திருக்க இயலாது. கிடைத்ததைச் செய்கிறார், வேலையற்றோர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்.

கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும் வார நிலைக் கணக்கு இதைவிடச் சற்றுக் கூர்மையானது. அதன்படி அதே ஆண்டில் நாட்டின் விகிதம் 4.9 ஆகிறது. எனினும் ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையுள்ளவர் என்பதால் அதுவும் போதுமானதன்று.

இதைச் சொல்வதால் கேரளத்துக்கு நற்சான்று வழங்கிவிட முடியாது. 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் அங்கே வேலையின்மை 29.9 விழுக்காடு; அந்த வயதுப் பெண்களில் 47.1. பட்டம் பெற்ற மகள் அரசு வேலைக்கான தேர்வாணையத் (பி.எஸ்.சி.) தேர்வெழுதி, தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்த பின்னும் நியமன ஆணைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் அங்கே ஏராளம். படித்தவர்களால் காத்திருக்க முடிகிறது என்ற விளக்கம் அவர்களுடைய இருபதுகளைத் திருப்பித் தராது.

எனவே மாநிலங்களை ஒப்பிட மொத்த விகிதத்தை விட இளையோர் விகிதமே நேர்மையான அளவுகோல் என்பது என் கருத்து. அதனருகிலேயே நாள்கூலியும், கூலியின்றிக் குடும்பத் தொழிலில் உழைப்போரின் பங்கும் ஒரே அட்டவணையில் அச்சிடப்பட வேண்டும்.