பேடில் ஷிஃப்டரா, லீவரா? மலை ஏறி இறங்கும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு ஓர் அலசல்

போடி, கம்பம் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்களுக்கு ஷோரூமில் வரும் குழப்பங்களில் ஒன்று, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு பேடில்கள். இடது பக்கம் இழுத்தால் கியர் இறங்கும், வலது பக்கம் இழுத்தால் ஏறும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் மட்டும் போய்வருகிறவருக்குப் பதில் சுலபம்: வேண்டாம். லீவரை டி (டிரைவ்) நிலையில் போட்டுவிட்டு ஓட்டினால் போதும், பேடிலைத் தொட வேண்டிய வேலையே வராது.

ஆனால் நம் பக்கத்துக் கணக்கு வேறு. காலையில் போடியிலிருந்து கிளம்பி, பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ ஏலத்தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயும்போது இறங்குகிறவர்கள் இங்கே ஏராளம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கம்பத்துக்காரர்களுக்குக் கம்பம்மெட்டு, லோயர்கேம்ப்காரர்களுக்குக் குமுளி. கேரளத்துக்குள் போவதென்றாலே ஏறி இறங்குவதுதான். இவர்களுக்கு என் பதில் இது: இறக்கத்தில் கியரைப் பிடித்து வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். அது பேடிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பேடில் பந்தயத்திலிருந்து வந்தது. 1989-ல் ஃபெராரி தன் ஃபார்முலா ஒன் காரில் அதைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் முதல் பந்தயமான பிரேசிலில் நைஜல் மான்செல் அந்தக் காரில்தான் ஜெயித்தார். 1997-ல் ஃபெராரி எஃப்355 மூலம் சாலைக் காருக்கும் வந்தது. வளைவில் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் நொடியில் கியர் மாற்றுவதுதான் அங்கே நோக்கம். அதனால்தான் இன்றும் விளம்பரங்களில் பேடிலை வேகத்தோடு சேர்த்தே காட்டுகிறார்கள். நம் ஊர்க் குடும்பக் காரில் பேடிலை இழுத்தால் வேகம் கூடாது. நேர்ச்சாலையில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால், எந்த கியர் சரி என்பதை கியர் பெட்டியே நம்மைவிட நன்றாகத் தேர்ந்தெடுக்கும்.

இறக்கம்தான் விஷயமே. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம். ஆளும் சாமானுமாக 1,500 கிலோ இருக்கும் கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போய்விடும். மீதி முழுவதும் பிரேக்கில் போனால் பிரேக் டிஸ்க்கும் பிரேக் பேடும் சூடேறி, பேடின் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். அதற்கு அடுத்தது பிரேக் ஆயில். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் மிதி பொதபொதவென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு என்று ஜீப் ஓட்டிய பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான். சின்ன கியரில் இருக்கும்போது சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்த எதிர்ப்பில் வண்டி தானாகக் கட்டுப்படும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய காரில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர் எரிபொருளை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்காக (ஐட்லிங்) எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

இப்போது டி-யில் மட்டும் விட்டு இறங்குவதைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்டி மைலேஜுக்காக மேல் கியருக்குப் போகப் பார்க்கும். வண்டி சறுக்கிக்கொண்டு ஓடும், நாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்போம். சரிவை உணர்ந்து தானே கியரை இறக்கும் அறிவுள்ள பெட்டிகளும் இருக்கின்றன. ஆனால் அடுத்து ஒரு கொண்டை ஊசி வருகிறது, அதற்குள் எதிரே தோட்டத்து ஜீப் ஏறி வருகிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. சாலை குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். அந்த முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டியவர் ஓட்டுநர்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று பேடில். இரண்டாவது, லீவரைப் பக்கவாட்டில் எம் (மேனுவல்) பகுதிக்குத் தள்ளி முன்னும் பின்னும் தட்டுவது. மூன்றாவது எல் (லோ), எஸ் (ஸ்போர்ட்), பி (பிரேக்) என்று எழுதியிருக்கும் தனி நிலைகள். இந்த மூன்றாவது முரட்டு வழி. எந்த கியர் என்று நாம் சொல்ல முடியாது, ஆனால் ஒருமுறை போட்டால் போதும், மறந்துவிடலாம். அடிக்கடி மலை ஏறாதவருக்கு நான் இதையே சொல்வேன்.

பேடிலுக்கும் லீவருக்கும் நடுவே உண்மையான போட்டி இருக்கிறது. பேடிலின் பலம், கை ஸ்டீயரிங்கிலேயே இருப்பது. ஆடி மாதச் சாரலிலும் போடிமெட்டு மூட்டத்திலும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருப்பது பெரிய நிம்மதி. டி-யில் இருக்கும்போதே ஒரு இழு, கியர் இறங்கிவிடும். லீவரை எங்கே தள்ளுவது, முன்னால் தட்டினால் ஏறுமா இறங்குமா என்ற யோசனை வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி லீவரின் திசை மாறுவது நிஜமாகவே தொல்லை.

ஆனால் கொண்டை ஊசியின் நடுவில் லீவர்தான் ஜெயிக்கிறது. நம் சந்தைக் கார்களில் பெரும்பாலும் பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்தே சுழலும். ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுச் சுற்றினாலே இடது பேடில் வலப்பக்கம் வந்துவிடும். அந்த நேரத்தில் கை தேடினால் தவறான பக்கம் இழுக்க வாய்ப்பு அதிகம். லீவர் எப்போதும் அதே இடத்தில் இருக்கும். எனவே பேடில்காரர்கள் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்: வளைவுக்கு முன், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே கியரை இறக்கிவிட வேண்டும். உண்மையில் மேனுவல் காரிலும் இதுதான் சரியான முறை.

இன்னொன்று, டி-யில் இருந்தபடி பேடிலை இழுத்தால் பல கார்களில் அது தற்காலிக உத்தரவுதான். சிறிது நேரத்தில் பெட்டி தன் விருப்பத்துக்குத் திரும்பிவிடும். நீண்ட இறக்கத்தில் எம்-மிலோ எஸ்-ஸிலோ போட்டுவிட்டு இழுத்தால்தான் கியர் நிற்கும். பேடில் வேலை செய்யவில்லை, கியர் தானாக மாறுகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒன்றைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பேடிலின் மதிப்பு அதன் பின்னால் இருக்கும் பெட்டியைப் பொறுத்தது. இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் பெட்டியில், உதாரணமாக க்ரெட்டா டீசலிலோ பிரெஸாவிலோ, பேடிலுக்கு நல்ல வேலை உண்டு. ஏற்றத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெட்டி தடுமாறும்போது இரண்டிலேயே பிடித்துவைக்கலாம். இறக்கத்திலும் அதே. இரட்டைக் கிளட்ச் பெட்டியான டிசிடியில் மாற்றம் இன்னும் வேகம், இழுத்த கணமே விழும். ஆனால் லோடு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது கிளட்ச் சூடாவதைப் பேடில் தடுக்காது. அங்கே இடைவெளி விட்டு, நின்று, பிறகு சீராக ஏறுவதுதான் மருந்து.

பெல்ட்டும் கப்பியுமாக இயங்கும் சிவிடியில் நிஜமான கியரே கிடையாது. ஹோண்டா சிட்டி பெட்ரோலில் பேடில் காட்டும் ஏழு படிகளும் மென்பொருள் வகுத்தவை. இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் எஸ்-ஸில் போட்டாலே அந்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். சிவிடி காருக்காகப் பேடிலைத் தேடிப் பணம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் ஏஎம்டி பெட்டி பற்றி ஒரு தவறான கருத்து இருக்கிறது. அது மெதுவாக மாற்றும், ஆகவே பேடில் வீண் என்பார்கள். மெதுவாக மாற்றும் என்பது சரி. ஆனால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கியரில் நின்றுவிட்டால் இன்ஜின் பிடிப்பு மேனுவல் காரைப் போலவே உறுதியாக இருக்கும். வளைவின் நடுவில் தானாக மேல் கியருக்குப் போய் வண்டி தொய்ந்து போகும் தொல்லையும் மேனுவல் நிலையில் போட்டால் தீரும். 2023-ல் வந்த எக்ஸ்டரின் ஏஎம்டியில் ஹூண்டாய் பேடில் கொடுத்தது. மற்ற பல ஏஎம்டிகளில் லீவரிலேயே மேனுவல் நிலை இருக்கிறது. ஏஎம்டிக்கு நிதானம் போதும் என்பதால் லீவரே தாராளம்.

பேடில் மிக நன்றாகப் பொருந்துவது கியரே இல்லாத கார்களில் என்பேன். நெக்ஸான் மின்சாரக் காரில் பேடில் கியரை மாற்றுவதில்லை, இறக்கத்தில் எவ்வளவு ஆற்றலைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்புவது என்பதை மாற்றுகிறது. மேலே சொன்ன 4 யூனிட்டில் ஒரு நல்ல பங்கு வீணாகாமல் திரும்ப வரும், பிரேக்கும் சூடாகாது. வளைவுக்கு வளைவு அளவைக் கூட்டிக் குறைக்க விரல்நுனிதான் சரியான இடம். ஒரே ஒரு எச்சரிக்கை: மூணாறில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு உடனே இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் ஆற்றலை வாங்க இடமில்லை, அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். மலைமேல் கொஞ்சம் குறைவாகவே ஏற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிடிலும் பேடில் இதே வேலையைத்தான் செய்கிறது. கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிடில் பேடில் இல்லை, லீவரில் பி நிலை உண்டு. இந்த இரண்டு ஹைப்ரிடுகளின் பேட்டரியும் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஆகவே பாதி இறக்கத்திலேயே நிறைந்துவிடும். அதன்பிறகு இன்ஜினைச் சுழற்றித்தான் மிச்ச ஆற்றலை அவை செலவழிக்கும். திடீரென இன்ஜின் சத்தம் எழுந்தால் பயப்பட வேண்டாம்.

பேடிலோ லீவரோ, இறக்கும்போது ஒவ்வொரு கியராக இறக்குங்கள். ஈரச் சாலையில் இரண்டு கியரை ஒரேயடியாக இறக்கினால் டயர் வழுக்கலாம். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எல்லை மீறுமென்றால் பெட்டியே மறுத்துவிடும், அதனால் இன்ஜின் கெடும் என்ற அச்சம் தேவையில்லை. கியரால் வேகம் குறையும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வால்பிடித்து வரும் வண்டி இருந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்ட வேண்டும்.

கடைசியாகப் பணம். பேடிலைத் தனியாக விற்பதில்லை. பல மாடல்களில் சன்ரூஃப், பெரிய திரை எல்லாம் சேர்ந்த மேல் வேரியண்ட்டில்தான் அது வரும். எம் நிலை உள்ள லீவர் கீழ் வேரியண்ட்டிலேயே இருந்தால், பேடிலுக்காக மட்டும் மேலே போகாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடலாம், பிரேக் ஆயிலைக் கம்பெனி சொன்ன காலத்துக்குள் மாற்றலாம். லீவருக்குப் பதில் சுழற்றும் குமிழோ சின்னக் குச்சியோ மட்டும் உள்ள கார் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே பல சமயம் கியரைப் பிடிக்கப் பேடில் ஒன்றுதான் வழி, பேடில் இல்லாத வேரியண்ட்டை மலைக்காரர் வாங்கக் கூடாது. டெஸ்ட் டிரைவை ஊருக்குள் சுற்றி முடிக்காமல் மலையடிவாரத்து முந்தல் தாண்டி நாலு வளைவு ஏறி இறங்கக் கேளுங்கள். இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு, பெட்டி அதிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் விற்கும் ஒட்டுப் பேடில்களை நம்ப வேண்டாம். ஏற்கெனவே பேடில் உள்ள காரில் அதை நீளமாக்கத்தான் அவை உதவும், இல்லாத காரில் ஒட்டினால் வெறும் பிளாஸ்டிக்தான்.