போர்க்கைதி முகாம் நோட்டு: டேராடூனா, ஜெர்மனியா?

சேலத்தில் நாணயக் கண்காட்சி நடந்தால் கூட்டம் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. 786 எண் போட்ட நோட்டு, ஜார்ஜ் மன்னர் தலை, பழைய வெள்ளி ரூபாய், அவ்வளவுதான். போர்க்கைதி முகாமுக்குள் மட்டும் செல்லுபடியான நோட்டைத் தேடி வருகிறவர்கள் சிலர்தான். அந்தச் சிலரும் முதலில் திகைத்து நிற்பது ஒரே இடத்தில்: இரண்டாம் உலகப் போரில் நம் நாட்டு முகாம்களில் புழங்கிய கூப்பனைச் சேர்ப்பதா, முதல் உலகப் போரின் ஜெர்மன் முகாம் நோட்டைச் சேர்ப்பதா? நான் ஜெர்மன் பக்கம் போனவன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முகாமுக்கென்று தனிப் பணம் எதற்கு என்பது சுலபமான விஷயம். கைதியிடம் நாட்டுப் பணம் இருந்தால் வேலி தாண்டியதும் ரயில் ஏறிவிடுவான், இல்லை காவல்காரன் கையில் திணிப்பான். ஆகவே காசை வாங்கிக் கணக்கில் வைத்துக்கொண்டு, முகாம் கேண்டீனில் மட்டும் செல்லும் சீட்டைக் கொடுத்தார்கள். எல்லா முகாமிலும் கேண்டீன் வேண்டும் என்று, போர்க்கைதிகளை நடத்தும் விதம் பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தமே சொன்னது.

இந்தியக் கூப்பனுக்கு இருக்கும் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. 1940 டிசம்பர் முதல் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களைக் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்தார்கள். இமாச்சலத்து யோல், போபால், நமக்குப் பக்கத்துப் பெங்களூர் என்று பல இடங்களில் முகாம்கள் இருந்தன. டேராடூன் முகாமில்தான் ஆஸ்திரிய மலையேற்றக்காரர் ஹைன்ரிக் ஹாரர் அடைபட்டிருந்தார். 1944இல் அங்கிருந்து தப்பித் திபெத்துக்குப் போனார். இவ்வளவு கதையோடு, அணா, ரூபாய் என்று நமக்குத் தெரிந்த கணக்கில் அச்சடித்த சீட்டு கையில் கிடைத்தால் யாருக்குத்தான் விட மனசு வரும்?

ஜெர்மன் நோட்டில் இந்த நெருக்கம் கிடையாது. இருப்பது வகை. முதல் உலகப் போர் முடியும்போது ஜெர்மனியில் ஏறத்தாழ 25 லட்சம் கைதிகள் இருந்தார்கள். அவர்களை வைத்திருந்த முகாம்கள் தனித்தனியே பெனிக், மார்க் நோட்டுகளை அச்சிட்டுக்கொண்டன. ஓர்ட்ரூஃப், மெர்செபுர்க், ம்யூன்ஸ்டர், ஹாம்மல்புர்க் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு வண்ணம். நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெர்லினுக்குத் தெற்கே வ்யூன்ஸ்டோர்ஃபில் இருந்த பிறைநிலா முகாமில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். முஸ்லிம் கைதிகளுக்காக 1915இல் அங்கே மரத்தால் ஒரு மசூதியே கட்டினார்கள்.

சரி, கதையை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு வருவோம். இந்த ஊரில் வெள்ளி நாணயம் சேர்க்கிறவனுக்கு ஒரு தைரியம் உண்டு. வாங்க ஆளே இல்லை என்றாலும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்குக் கொண்டுபோனால் எடை போட்டு, உருக்கினால் தேறும் வெள்ளியின் விலையாவது கொடுப்பார்கள். காகிதத்தை உருக்கி விற்க முடியாது. அசல் என்று அடுத்தவர் நம்பினால் காசு, நம்பாவிட்டால் குப்பை. ஆகவே நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இது அசல் என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் என்னால் காட்ட முடியுமா? நான் இல்லாத காலத்தில் என் வீட்டார் இதை விற்கப் போனாலும் இந்தக் கேள்விதான் வரும்.

இந்தியக் கூப்பன் இடறுவது இங்கேதான். நான் கையில் எடுத்துப் பார்த்தவை பெரும்பாலும் சாதாரண அட்டையில் எழுத்து மட்டும் கோத்து அடித்தவை. சிலவற்றில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். படமோ வாட்டர்மார்க்கோ இல்லை. இதைப் போலி செய்யப் பெரிய வித்தை வேண்டாம். காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மெஷின் ஒன்றும் அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகத்தின் அட்டையும் போதும். இரண்டும் நம் ஊர்ப் பழைய இரும்பு, பேப்பர் கடைகளில் இன்னமும் தேறும். விலையோ பல ஆயிரம். அவ்வளவு விலை கிடைக்கும்போது போலி செய்ய ஆசை வராமல் இருக்குமா?

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாக வந்தது. 1942 சீட்டு என்று சொல்லப்படுவது அந்த ஒளியில் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஒரு வியாபாரி யோல் கூப்பன் என்று நீட்டியது அப்படித்தான் டியூப்லைட் மாதிரி எரிந்தது. ‘வெயிலில் கிடந்தது சார், அதான்’ என்றார். வெயிலில் கிடந்தால் பழுப்பாகும், மின்னாது. ஆனால் இந்தச் சோதனை பாதி வேலையைத்தான் செய்யும். நிஜமாகவே பழைய அட்டையில் அடித்த போலி இதில் தப்பித்துவிடும்.

ஜெர்மன் நோட்டில் பிடித்துப் பார்க்க நாலைந்து இடம் இருக்கிறது. பலவற்றில் வாட்டர்மார்க் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் தெரியும். வரிசை எண்ணைத் தனி மெஷினில் அடித்திருப்பார்கள். நோட்டைத் திருப்பி விரல் நுனியால் தடவினால் எண் விழுந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அச்செழுத்தின் விளிம்பில் மை ஒதுங்கிக் கருப்பாகவும், நடுவில் கொஞ்சம் வெளிறியும் இருக்கும். இன்க்ஜெட்டில் அடித்ததென்றால் அங்கே வண்ணப் புள்ளிகள்தான் சிதறிக் கிடக்கும். இத்தனையும் சேகரிப்பாளர்களுக்கான நோட்டுக் கேட்லாக்கில் உள்ள படத்தோடு பொருந்த வேண்டும்.

இதைவிடப் பெரிய பாதுகாப்பு அதன் விலைதான். போர் முடிந்த கையோடு, 1920 வாக்கில், சில்லறைத் தட்டுப்பாட்டில் ஊர்களே அச்சிட்ட அவசரகால நோட்டுகளைச் சேர்ப்பது ஜெர்மனியில் ஒரு பித்தாகவே பரவியது. அந்த அலையில் முகாம் நோட்டுகளும் ஆல்பங்களுக்குள் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் மடிப்பே விழாத நோட்டுகள் கிடைக்கின்றன. சாதாரண வகை ஆயிரம் ரூபாய்க்குள் வரும், தபாலும் சுங்கமும் தனி. அந்த விலைக்கு யாரும் மெனக்கெட்டுப் போலி அடிக்க மாட்டார்கள். நாஜி வதைமுகாம் நோட்டு என்று வருவது மட்டும் வேறு கதை. அதில் போலி நிறைய. புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

விற்பனையில் என் அனுபவம் குறைவு, அதனால் லாபத்தைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளூரில் ஜெர்மன் நோட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், இணைய ஏலம்தான் வழி. இந்தியக் கூப்பன், அசல் என்று ஏற்கப்பட்டால், கண்காட்சி மேஜையிலேயே விற்றுப்போகும். அந்த ‘ஏற்கப்பட்டால்’தான் சிக்கல்.

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுதான். பிவிசி உறை வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டும். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை போதும். ஏற்காட்டில் வீடு இருக்கிறது, குளுகுளுவென்று அங்கேயே வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூடுபனி ஈரத்தில் காகிதம் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். கீழே சேலத்து வெக்கையே தேவலாம்.

மூன்றாவதாக ஜப்பான்காரன் மலாயாவிலும் பர்மாவிலும் அடித்த நோட்டு. மலாயாவின் பத்து டாலரில் வாழைமரம் இருக்கும். இது முகாம் பணம் இல்லை, ஆக்கிரமிப்புப் பணம். தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பியவர்களின் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இன்னமும் கிடக்கிறது, விலையும் மலிவு. லென்ஸ் பிடித்துப் பழக இதுவே நல்ல பாடம்.

அப்புறம் முதல் ஜெர்மன் நோட்டு வாங்குகிறவர்கள், ‘செல்லாது’ என்று முத்திரை குத்திய நோட்டு கண்ணில் பட்டால் ஒதுக்க வேண்டாம். விலை சற்று இறங்கும், முத்திரையும் சரிபார்க்க இன்னொரு தடயம். டேராடூன் கூப்பன்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்ற விவரமும் பழைய ரசீதும் உள்ளதை மட்டும் வாங்கட்டும். அப்படி ஒன்று வந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.