செய்முறை வீடியோவுக்கு எந்தத் தளம்? நீலகிரித் தோட்டத்திலிருந்து ஒரு பார்வை

மிக்சி ரிப்பேர் முதல் தேயிலைக் கவாத்து (செடியை வெட்டிவிடும் வேலை) வரை எதைத் தேடினாலும் செய்து காட்ட ஆள் இருக்கிறார்கள். மக்களே ஏற்றி மக்களே பார்க்கும் தளம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். யார் ஏற்றுகிறார்கள் என்பதை எல்லாரும் பார்க்கிறோம்; தப்பு இருந்தால் அதை யார் திருத்தலாம் என்பதைத்தான் பார்ப்பதில்லை. கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கிழங்கும் வைத்திருக்கும் ஒருவருக்கு எது உதவும் என்ற கண்ணோடு யூடியூப், விக்கிஹவ், ஆக்சஸ் அக்ரிகல்ச்சர், ஸ்போக்கன் டுடோரியல் என்ற நான்கையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லார் கைப்பேசியிலும் இருப்பது யூடியூப். தமிழில் இவ்வளவு செய்முறை வேறெங்கும் கிடையாது, அதில் சந்தேகமே வேண்டாம். தையல், சமையல், ஒயரிங் வேலைக்கெல்லாம் அதுவே போதும். விவசாயத்துக்கு வரும்போதுதான் இடிக்கிறது. அஸ்ஸாமில் எடுத்த கவாத்து வீடியோ ஒன்றை நினைத்துப் பாருங்கள். கத்தி கூர்மையாக இருக்கும், வெட்டுவாய் சாய்வாக விழும், பட்டை கிழியாது. தொழிலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே கவாத்து டிசம்பர், ஜனவரியில். குளிரில் செடி தூங்கும் காலம் அது. நமக்கு அதே மாதங்கள்தான் உறைபனிக் காலம். கவாத்து அடித்து வெறும் தண்டாக நிற்கும் செடியை அந்தப் பனியில் விடலாமா? இங்கே ஏப்ரல்-மே, இல்லாவிட்டால் ஆகஸ்ட்-செப்டம்பர் என்பது தோட்டத்தில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும். புதிதாக நிலம் வாங்கியவருக்குத் தெரியாது, வீடியோ தேடுவதும் அவர்தான்.

உருளைக்கிழங்கிலும் இதே கதைதான். வட இந்தியச் சமவெளியில் அக்டோபர்-நவம்பரில் ஊன்றுவதைக் காட்டும் வீடியோ, கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று போகம் பார்க்கும் நமக்கு எந்தப் போகத்துக்குப் பொருந்தும்? இன்னொன்று இதைவிட ஆபத்து. ‘சொந்த விதைக்கிழங்கையே எடுத்து வையுங்கள், செலவு மிச்சம்’ என்று யாராவது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே 1961-இல் நீலகிரியில்தான். அதன் முட்டைக்கூடுகள் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வயல் விட்டு வயல் போகும். அதைத் தாங்கி வளரும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் வந்ததற்குக் காரணமும் இந்தப் புழுதான். சமவெளிக்காரர் நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனையாகவே இருந்தாலும் இந்த மண்ணுக்கு அது ஆகாது.

சரி, தப்பு என்று தெரிந்தவர் யூடியூபில் என்ன செய்யலாம்? வீடியோவில் கை வைக்க முடியாது. கீழே எழுதலாம், ஏற்றியவர் அதை நீக்கவும் செய்யலாம். முன்பு பிடிக்கவில்லை என்று அழுத்தியவர்களின் எண்ணிக்கையாவது கண்ணுக்குத் தெரிந்தது. 2021 நவம்பரில் அதையும் மறைத்துவிட்டார்கள். பார்ப்பவர்களே வசன வரி எழுதிச் சேர்க்கும் வசதி இருந்தது, 2020 செப்டம்பரில் அதுவும் போயிற்று. மக்கள் தளம் என்ற பெயர் இருக்கிறது, மக்கள் கையில் இருந்த கடிவாளம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது.

இந்த விஷயத்தில் விக்கிஹவ் நேர் எதிர். யூடியூபைப் போல அதுவும் 2005-இல் தொடங்கியதுதான். படமும் சிறு வீடியோவும் சேர்ந்த கட்டுரைகள். மூன்றாவது படி தப்பென்றால் அதை மட்டும் யாரும் திருத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் தமிழ்ப் பதிப்பு இல்லை, இந்திய மொழிகளில் இந்தி மட்டும் உண்டு. நம் ஊரில் இதைச் சிபாரிசு செய்து பயனில்லை.

ஆக்சஸ் அக்ரிகல்ச்சர் விவசாயத்துக்கு மட்டுமேயான தளம். வீடியோக்களில் பேசுவது விவசாயிகளே. ஆப்பிரிக்காவில் ஒரு பெண் விதை காய வைப்பதைத் தமிழ்க் குரலில் கேட்கலாம். எதைச் செய்வது என்பதோடு ஏன் செய்வது என்பதையும் சொல்வார்கள். அதனால் ஊர் மாறினாலும் பாதி பாடமாவது நமக்கு ஒட்டும். இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஒலியை மட்டும் தனியாகவும் எடுக்கலாம். ரோடு வளைவில் போய் நின்றால்தான் டவர் கிடைக்கும் ஊர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. யாரும் வீடியோ ஏற்ற, எக்கோஅக்டியூப் என்று தனித் தளமும் வைத்திருக்கிறார்கள். தேயிலை, மலைப்பூண்டு என்று குறிப்பாகத் தேடிப் போகிறவர்கள் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். மண்புழு உரம், மூடாக்கு (மண்ணை இலைதழையால் மூடுவது), ஆடுமாடு பராமரிப்பு என்றால் முதலில் இங்கே போகலாம்.

இங்கே டிஜிட்டல் கிரீனையும் சொல்ல வேண்டும். 2006-இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பிறந்த முயற்சி, பிறகு தனி அமைப்பானது. ஊர் விவசாயியையே படம் பிடித்து, கையடக்க புரொஜெக்டரில் குழுவுக்குப் போட்டு, இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, ‘இவர் யார், எந்த ஊர்?’ கவாத்து வீடியோவில் நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான். தளமாக எடைபோட இதில் ஒன்றுமில்லை, முறையாகப் பார்த்தால் நான்கையும்விட ஒரு படி மேல்.

ஸ்போக்கன் டுடோரியல் ஐஐடி பம்பாயின் வேலை. பெரும்பாலும் கணினிப் பாடம்: லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைத்தான். பத்து நிமிடத்தையொட்டிய துண்டு ஒவ்வொன்றும். திரையின் ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் நாம் செய்து பார்க்கும் மென்பொருள். முதலில் எழுத்துப் பிரதி, அதைப் புதியவர் ஒருவர் செய்து பார்த்துச் சரி என்ற பிறகே பதிவு. தமிழ்க் குரல் உண்டு. திரையில் எழுத்து ஆங்கிலமாகவே நிற்கும், அது ஒரு குறை. எனக்குப் பிடித்தது, கேள்வி கேட்கும்போது எந்த நிமிடம், எந்த வினாடியில் சந்தேகம் என்று குறிக்கும் வசதி. ‘புரியவில்லை சார்’ என்று மொத்தமாகக் கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! கணக்கு வழக்கைக் கணினிக்கு மாற்ற நினைக்கும் மகளிர் குழுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

தேயிலைக்கும் கிழங்குக்கும் மட்டும், எவ்வளவு குறை சொன்னாலும், யூடியூபுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆள் அங்கேதான் இருக்கிறது. எடுத்தது எந்த ஊர், எந்த மாதம் என்று சொல்லாத வீடியோவை மூடிவிடுங்கள். குன்னூரிலோ கூடலூரிலோ யாராவது நல்ல கவாத்து வீடியோ எடுத்தால் ஊர், உயரம், மாதம் மூன்றையும் தலைப்பிலேயே போடட்டும். ஏற்றும்போது உரிமம் என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுத்தால், தப்பைக் கண்ட இன்னொருவர் அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தன் பெயரில் மறுபடி ஏற்றலாம். முதலில் எடுத்தவர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.